விழியிழந்தோர்க்கு வழிகாட்டியவர்

இங்கிலாந்தில் 1866ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர்தர் பியர்சன். பத்திரிகைத் துறையில் படிப்படியாக உயர்ந்த அவர், 1900ஆம் ஆண்டு ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ என்னும் நாளிதழைத் தொடங்கினார். புகழோடு விளங்கிய காலத்தில் அவரைக் கண்ணழுத்த நோய் தாக்கியது. 1908இல் செய்த அறுவை சிகிச்சையும் பலன் தரவில்லை. சில ஆண்டுகளில் அவர் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆயினும், அவர் முடங்கிவிடவில்லை. தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துகளைக் கற்றார். தம் வேலைகளைத் தாமே செய்து பழகினார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. போர்முனையில் கண்களை இழந்த இளம் வீரர்கள் பலர் நாடு திரும்பினர். பார்வையற்றோர் பிறர் தயவில்தான் வாழவேண்டும் என்று பலரும் எண்ணிய காலம் அது. பியர்சன் அதை ஏற்கவில்லை. அவர்களுக்குத் தேவை இரக்கமன்று, தொழிலே என்று உணர்ந்தார். 1915இல் லண்டன் மாநகரில் ‘செயின்ட் டன்ஸ்டன்ஸ்’ என்னும் பயிற்சி இல்லத்தை நிறுவினார்.

புதிதாக வந்த ஒவ்வொரு வீரருக்கும் தொட்டு நேரம் அறியும் கைக்கடிகாரம் வழங்கப்பட்டது. பிறரிடம் மணி கேட்கத் தேவையில்லை என்பதே அவர்கள் பெற்ற முதல் விடுதலை. பின்னர், தட்டச்சு, தொலைபேசி இணைப்பு, உடற்பிடிப்பு மருத்துவம், தச்சு, கூடை முடைதல், காலணி பழுதுபார்த்தல், கோழி வளர்ப்பு முதலிய தொழில்களில் தமக்கு ஏற்றதை அவர்கள் கற்றனர். ஆசிரியர்களுள் பலர் பார்வையற்றவர்களே. தம்மைப் போன்ற ஒருவர் திறம்படக் கற்பிப்பதை அறிந்தபோது, மாணவர்களின் மனத்திலும் நம்பிக்கை பிறந்தது.

பயிற்சியுடன் தம் கடமை முடிந்துவிட்டதாகப் பியர்சன் கருதவில்லை. தொழிலைக் கற்பதைவிட அதில் நிலைத்திருப்பது கடினம் என்பதை அவர் அறிந்திருந்தார். தனியே வேலை செய்யும் பார்வையற்றவர், தம் பொருளில் நுழையும் சிறு குறைகளை அறியாமல் போகலாம். மூலப்பொருளை அதிக விலைக்கு வாங்க நேரலாம். எனவே, இல்லத்தைவிட்டுச் சென்றோருக்கும் உதவத் தனிப்பிரிவு ஒன்று செயல்பட்டது. அப்பிரிவினர் அவர்களை நேரில் கண்டு, வேலையின் தரத்தைச் சோதித்தனர். மூலப்பொருள்களைக் குறைந்த விலையில் அளித்தனர். செய்த பொருள்களை விற்கவும் உதவினர்.

1921இல், தம் 55ஆம் வயதில், வீட்டில் நேர்ந்த விபத்தில் பியர்சன் காலமானார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவரது இல்லத்தில் பயிற்சி பெற்றிருந்தனர். அவர் தொடங்கிய அமைப்பு, பெயர் மாறி, இன்றும் தொண்டாற்றி வருகிறது. உடற்குறையுள்ளவருக்கு வேலை கிடைக்கச் செய்வது உதவியின் தொடக்கமே. அவ்வேலையில் அவர் நிலைத்து நிற்கும்வரை துணைநிற்பதே முழுமையான உதவி என்பதை அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.