எமி நோதர் அம்மையார்

ஜேர்மனி தேசத்து எர்லாங்கன் நகரிலே 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆந் திகதி எமி நோதர் அம்மையார் பிறந்தார். தந்தையார் மக்ஸ் நோதர் அந்நகரச் சர்வகலாசாலையிற் கணிதம் கற்பித்தவர். அம்மையாரோ முதலிற் கற்றுத் தேறியது மொழிகளையே. பெண்கள் பாடசாலைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிக்கும் தகுதியை 1900ஆம் ஆண்டிற் பெற்றார். மொழியாசிரியனாகிய எனக்கு இச்செய்தி சிறிது பெருமை தருவது. ஆயினும் அத்தொழிலில் அவர் புகவில்லை.

அக்காலத்தில் அங்கே பெண்கள் மாணவராகப் பதிவு பெறல் இயலாது. ஆசிரியரின் அனுமதியுடன் வகுப்பில் அமர்ந்து கேட்கலாம், அவ்வளவே. அவ்வாறு கேட்டுக் கற்றவர், 1904இல் தடை நீங்கியதும் முறைப்படி சேர்ந்து, 1907இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் 1915 வரை எர்லாங்கனிற் சம்பளமின்றி உழைத்தார். அவ்வாண்டிலே கிளைன், ஹில்பேட் என்னும் பேரறிஞர் இருவரும் அவரைக் கெற்றிங்கன் சர்வகலாசாலைக்கு அழைத்தனர். பெண்ணொருத்தி விரிவுரையாளராவதைப் பிறதுறையார் பலர் எதிர்த்தமையால், 1919 வரை ஹில்பேட்டின் பெயரிலேயே அவருடைய விரிவுரைகள் அறிவிக்கப்பட்டன. கற்பித்ததற்குச் சிறு ஊதியமேனும் கிடைத்தது 1923இலேதான்.

இனி, கணிதத்தில் இடவியல் என்றொரு பகுதி உண்டு. பொருளொன்றை நீட்டினாலும் வளைத்தாலும் மாறாத இயல்புகளை அஃது ஆராயும். காப்பு எவ்வளவு நெளிந்தாலும் அதன் துளை ஒன்றே. வடிவங்களின் துண்டுகளையும் துளைகளையும் எண்ணும் முறையைப் பிரான்சிய அறிஞர் புவான்காரே 1895இல் விரிவாக வகுத்தார். பின்வந்தோர் அவ்வெண்களையே கணித்துவந்தனர். 1925ஆம் ஆண்டளவில் நோதர் அம்மையார், எண்ணோடு நில்லாது, அவ்வெண்ணுக்கு அடிப்படையான கூட்டத்தையே நோக்கவேண்டுமென்று எடுத்துக்காட்டினார். உறுப்புகளைத் தம்முட் கூட்டவும் கழிக்கவும் இடந்தரும் அமைப்பே இங்குக் கூட்டம் எனப்படுவது. துளையொன்றைச் சுற்றிவரும் பாதைகளைக் கூட்டலாம். எதிர்த்திசையிற் சுற்றினாற் கழிக்கலாம். ஒரு வடிவம் மற்றொன்றினுள் அடங்கும்போது, எத்துளை எத்துளையாயிற்று என்பதை எண் சொல்லாது, கூட்டம் சொல்லும்.

கேட்டிருந்த அலெக்சாந்திரோவும் ஹொப்பும் இதனை உடனே பற்றிக்கொண்டனர். அம்மையார் இதுபற்றி அச்சிட்டதோ மிகச் சிறிய குறிப்பொன்றே. தம் கருத்துகளைப் பிறர்க்கு வாரி வழங்கி, பெயரைப் பற்றிக் கவலாதிருத்தல் அவரியல்பு.

1933 ஏப்பிரலில், யூதர் என்ற காரணத்தால் நாசி அரசு அவரைக் கற்பித்தலினின்று நீக்கியது. அவர் மாணவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பாடத்தைத் தொடர்ந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிறின்மோர் பெண்கள் கல்லூரிக்குச் சென்றார். 1935 ஏப்பிரல் 14ஆந் திகதி, சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாளில், தம் 53ஆம் வயதிற் காலமானார். சாம்பல் அக்கல்லூரி நூலகத்து நடைபாதையின் கீழ் வைக்கப்பட்டது.

அக்குறிப்பின் பயன் எழுபத்தைந்து ஆண்டு கழித்து எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான அளவீடுகளைப் புள்ளிகளாகக் குறித்தால், அறுந்த மாலையின் மணிகள்போற் சிதறித் தோன்றும். ஒவ்வொன்றையும் மையமாக்கி வட்டம் வரைந்து மெல்லப் பெருக்கினால், வட்டங்கள் தம்முள் இணையும். இடையே துளைகள் தோன்றும், பின்பு மூடும். விரைவில் மூடுவன பெரும்பாலும் தற்செயலானவை. நெடிது நிலைப்பன தரவுகளின் வடிவைக் காட்டுவன. ஆனால் முன்னே கண்ட துளைதான் இப்போதும் உள்ளது என்று அறிவது எப்படி? இங்கேதான் கூட்டம் வேண்டப்படுகின்றது. எடெல்ஸ்புரூனர் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறையைச் சொமோரோடியனும் கார்ல்சனும் 2005இல் அட்சரகணிதத்தில் உறுதியாக நிறுவினர்.

2008இல் கார்ல்சனும் துணைவரும் இயற்கைக் காட்சிகளின் ஒளிப்படங்களை ஒன்பது புள்ளிகள் கொண்ட நுண்துண்டுகளாக்கி ஆராய்ந்தனர். செறிந்து கிடந்த துண்டுகளின் வடிவம், உள்ளும் புறமும் வேறுபாடற்ற கிளைன் குடுவையென்று கண்டனர். அப்பெயருக்குரியவர், 1915இல் அம்மையாரைக் கெற்றிங்கனுக்கு அழைத்த அதே கிளைன்.