சோளத்தின் காயத்தைப் படித்தவர்

வெயிலிலிருந்து நாம் நிழலுக்கு ஓடலாம், செடியால் முடியாது. நாள் முழுதும் புற ஊதாக் கதிர் அதன் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. ஆனாலும் செடி பிழைக்கிறது. எப்படி என்று கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பார்பரா மெக்கிளிண்டாக் அம்மையார்தான்.

1902-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். படித்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார் என்று தாயார் கவலைப்பட்டார். தந்தை துணை நின்றார். 1927-இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

1931-இல் மிசூரியில் லூயிஸ் ஸ்டாட்லர் எக்ஸ் கதிர் பாய்ச்சி வளர்த்த சோளச் செடிகளை நுண்ணோக்கியில் பார்த்தார். குரோமோசோம்கள் முறிந்திருந்தன. முறிந்த நுனிகளோ சும்மா இருக்கவில்லை. இன்னொரு முறிந்த நுனியைத் தேடி ஒட்டிக்கொண்டன. முறியாத இயல்பான நுனிகள் அப்படி ஒட்டவில்லை. டிஎன்ஏவின் வடிவம் தெரியவந்தது 1953-இல்தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அடுத்த பத்தாண்டில் அவர் கண்டது இன்னும் வியப்பானது. ஒரு நுனி மட்டும் முறிந்திருந்தால், குரோமோசோம் இரட்டித்தபின் இரு பிரதிகளின் முறிந்த நுனிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டு, பாலம்போல் நீண்டு, மறுபடி அறுகின்றன. மணியில் நாம் தின்னும் மாவுப் பகுதியில் இது ஓயாமல் தொடர்கிறது. முளைக்கும் கருவிலோ முறிந்த நுனி ஆறிவிடுகிறது; பிறகு ஒட்டுவதில்லை. மாவுப் பகுதி நாற்றுக்கு உணவாகித் தீர்ந்துவிடும், கருதான் செடியாகப் போகிறது. ஒரே மணிக்குள் இரண்டு விதி! எனக்கு அவருடைய புகழ்பெற்ற 'தாவும் மரபணு'வைவிட இதுவே பிடித்தது.

மிசூரியில் தமக்கு எதிர்காலமில்லை என்று எண்ணி அந்த வேலையை விட்டார். 1941-இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, கடைசிவரை அங்கேயே சோளம் பயிரிட்டார். 1951-இல் மரபணுக்கள் இடம் மாறுவதை விளக்கியபோது பெரும்பாலோர் நம்பவில்லை. பிறகு அவர் அதைப் பற்றி எழுதி வெளியிடுவதையே குறைத்துக்கொண்டார். ஆய்வை மட்டும் விடவில்லை. 1983-இல் நோபெல் பரிசு கிடைத்தது, யாருடனும் பங்கிடாமல். அப்போது அவருக்கு வயது 81. நோபெல் உரையிலும் அந்த முறிந்த நுனிகளைப் பற்றிப் பேசினார். செல் தன் காயத்தைத் தானே உணர்ந்து செயல்படுகிறது என்பது அவர் முடிவு.

இன்று அந்த வேலையாட்களின் பெயர்கள் தெரியும். முறிந்த இரு முனைகளைப் பிடித்து இணைக்கும் கூ புரதம் ஒன்று. நுனிக்குப் புதிய காப்பு கட்டும் டெலோமரேஸ் இன்னொன்று. புற ஊதாக் கதிர் செய்த சேதத்தை நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டே திருத்தும் ஃபோட்டோலையேஸ் நொதியும் செடிகளிடம் உண்டு. நம் உடலில் அது இல்லை. வெயில் தந்த காயத்துக்கு வெயிலிலேயே மருந்து.

அம்மையார் 1992 செப்டம்பர் 2-இல், 90 வயதில் காலமானார்.