சுண்டிக்குளி முத்தையா: தமிழை விரல் நுனிக்குக் கொண்டுவந்த கிளாக்கர்

ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ ஒரு கொமினிகேசன் கடைக்குப் போய், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் ஒன்றைத் தமிழில் அடித்துத் தரும்படி கேட்டுப் பாருங்கள். கணினிக்கு முன்னால் இருப்பவர் விசைப்பலகையைக் குனிந்து பார்க்க மாட்டார். பார்த்தாலும் பயனில்லை, அதில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். ஜே விசையைத் தட்டினால் த வரும், கே விசையில் ம. பி விசையில் இகர விசிறி, ஓ விசையில் ழ, அரைப்புள்ளி விசையில் மெய்ப்புள்ளி. தமிழ் என்ற சொல் முழுவதும் வலக்கையாலேயே முடிந்துவிடும். பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய எவருக்கும் இது மனப்பாடம்.

இந்த ஒழுங்கு கணினியோடு பிறந்ததல்ல. பழைய ரைப்ரைட்டரில் இருந்து கணினிக்கு வந்தது. அதன் அடிப்படையை வகுத்தவர் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அழைக்கப்படும் இராமலிங்கம் முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர்.

பயனர் இடைமுகம், பயனர் அனுபவம் என்று இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் யார், அவருடைய கை எங்கே போகும், எதை அடிக்கடி செய்வார், எங்கே பிழை விடுவார் என்பவற்றைப் பார்த்து அதற்கேற்பப் பொருளை அமைப்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். முத்தையாவின் காலத்தில் இந்தச் சொற்கள் எவையும் இல்லை. வேலை இருந்தது.

அவர் பிறந்தது 1886 பெப்ரவரி 24. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞருக்கு அந்த நாளில் கடல் தாண்டினால் உத்தியோகம் இருந்தது. மலாயாவின் புகையிரதப் பகுதியும் தபால் கந்தோர்களும் வணிக நிறுவனங்களும் கிளாக்கர்மாரைத் தேடிக்கொண்டிருந்தன. குடாநாட்டில் இருந்தும் தீவகத்தில் இருந்தும் ஆட்கள் போனார்கள், மலாயன் பென்சன்காரர்களாகத் திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியது வேறு கதை. அந்தப் பாதையை ஏற்கெனவே போட்டு வைத்தவர்கள் இந்தக் கிளாக்கர்மார்.

முத்தையா 1907இல் அந்தப் பக்கம் போனார். சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1930 வரை அங்கேயே வேலை பார்த்தார். தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கியல் எல்லாம் கற்றவர். அவர் பொறியியலாளர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் கடிதம் அடிக்கும் கந்தோர் உலகத்தில் இருந்தவர் அவர். ஒரு விசை தொலைவில் இருந்தால் எந்த விரல் நோகும் என்பதை அவருக்கு யாரும் ஆய்வு செய்து சொல்லத் தேவையில்லை.

ஆங்கிலப் பொறியை அடித்துக்கொண்டிருந்தவருக்குத் தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கணக்குத்தான் இடித்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. ஆங்கிலப் பொறியில் விசைகள் நாற்பத்துச் சொச்சம். ஒரு விசைக்கு இரண்டு என்று வைத்தாலும் தொண்ணூறைத் தாண்டாது. அதற்குள் எண்களும் நிறுத்தக்குறிகளும் இடம் கேட்கும். அச்சுக்கூடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் தொடங்கியபோது எழுத்துப் பெட்டியில் எத்தனை அறை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், எழுத்துக் கோர்ப்பவர் நின்று நடந்து எடுப்பார். ரைப்ரைட்டர்க்காரர் எழும்பி நடக்க முடியாது. பத்து விரல் எட்டும் தூரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

முத்தையா எழுத்தை ஒலியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு வடிவமாகப் பார்த்தார். கா என்பது க, அதற்குப் பக்கத்தில் ஒரு கால். கெ என்பது முன்னால் ஒரு கொம்பு, பிறகு க. கொ என்றால் கொம்பு, க, கால். கௌ என்பதன் கடைசி உறுப்பு பார்வைக்கு ள போலவே இருக்கிறது, எனவே அதற்குத் தனி விசை வேண்டாம், ள விசையே போதும். ஔ எழுதவும் ஒ, ள இரண்டும் போதும். இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஆகாரம், எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் என்று பெரும்பகுதி வரிசைகள் ஒரு சில குறிகளுக்குள் அடங்கிவிடும்.

உகர வரிசை அடங்காது. கு, சு, டு, மு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. பொதுக்குறி ஒன்றை ஒட்டித் தப்ப முடியாத இடத்தில் தனி விசை கொடுத்தே ஆக வேண்டும். டி, டீ இரண்டும் அப்படித்தான். ட என்ற எழுத்தின் அமைப்பில் விசிறி சரியாக உட்காராது, அதனால் தட்டச்சு ஒழுங்கில் அவற்றுக்கென்று தனி இடம் வந்தது. பாமினியில் இன்றும் அந்த இடம் இருக்கிறது. எந்த ஒழுங்கிலும் விதிவிலக்கு வரும். அதை மறைக்காமல், பயன்படுத்துபவருக்குத் தெரியும் இடத்தில் வைப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்பது என் எண்ணம்.

அடுத்த தலையிடி புள்ளி. ரைப்ரைட்டரில் ஒரு விசையைத் தட்டினால் தாளைத் தாங்கும் பகுதி ஓர் இடம் நகரும். க அடித்த பிறகு புள்ளியை அடித்தால் அது க மேல் விழாது, பக்கத்தில் போய் விழும். இதற்குத் தீர்வு நகரா விசை. அதை அடித்தால் குறி தாளில் பதியும், தாள் நகராது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் அதன் கீழே பதியும். ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளுக்கு இந்த உத்தி முன்பே இருந்தது, முத்தையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆகவே தமிழ்த் தட்டச்சாளர் க் அடிக்க முதலில் புள்ளியையும் பிறகு க-வையும் அடிப்பார். எழுதும் கை ஒரு வரிசையில் போக, தட்டும் கை எதிர் வரிசையில் போகும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு முதல் வாரம் குழப்பம், பிறகு விரல் பழகிவிடும்.

எந்த எழுத்து எங்கே என்பது மூன்றாவது முடிவு. அந்த வழிவந்த ஒழுங்கில் விரல்கள் ஓய்ந்திருக்கும் நடுவரிசையைப் பாருங்கள்: ய, ள, ன, க, ப, கால், த, ம, ட, புள்ளி. தமிழில் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணினால் இவை திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்கே தெரியும். நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கியிருந்தால் படிக்க எளிது, அடிக்க வேதனை. முதல் நாள் கற்பவருக்காகவா, பத்தாண்டு அடிக்கப்போகிறவருக்காகவா என்ற கேள்வி வந்தபோது விடை இரண்டாமவர் பக்கம் போனது.

இழந்ததும் உண்டு. பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ர-வுக்கும் ண-வுக்கும் ஒரே இடம் என்றால் ஒன்று தனித்து நிற்கும், மற்றது நெருங்கும். தட்டச்சுத் தமிழின் அழகைப் பற்றி அச்சுக்கலைஞர்கள் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசிக்க முடிந்தது, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுக்கவும் முடிந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் அவருடைய அமைப்பில் பொறிகளைச் செய்து அனுப்பியது. தையல் இயந்திரமும் சைக்கிளும் செய்த ஆலை அது. ஐடியல், எரிக்கா என்ற அதன் தட்டச்சுப் பொறிகள் உலகெங்கும் பேர்பெற்றவை. சுண்டிக்குளியில் பிறந்தவர் சிங்கப்பூரில் இருந்து வகுத்த தமிழ், சக்சனியில் உருக்கில் வார்க்கப்பட்டு, மீண்டும் தமிழர் இருக்கும் துறைமுகங்களுக்குக் கப்பலேறியது.

பொறி வந்தது, கந்தோர் கதவு எளிதில் திறக்கவில்லை. 1956ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜூனில் கொழும்பில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் சென்னையில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்த் தட்டச்சு அரச தேவையாகியது, இந்தப் பக்கம் அதே பொறி இருந்தும் அதில் அடித்த கடிதத்துக்கு விளங்காத மொழியில் பதில் வந்தது. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏற 1987இன் 13ஆம் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, பஸ் பிடித்து, ஒரு கடதாசிக்காக முழு நாளைச் செலவழிப்பவருக்கு அந்தக் கடதாசி எந்த மொழியில் இருக்கிறது என்பது சின்ன விடயமல்ல.

கணினி வந்தபோது நிர்ப்பந்தங்கள் நீங்கின. தாள் நகரும் சிக்கல் இல்லாததால் பாமினியில் எழுத்தை முதலிலும் புள்ளியைப் பிறகும் அடிக்கலாம். கொம்பு மட்டும் இன்னும் முன்னால்தான் வரும், பார்வை வரிசை அப்படியே நின்றுவிட்டது. 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 அந்த மரபை முறித்தது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், ஒலிக்கும் வரிசையில் அடித்தால் போதும், எழுத்தைக் கணினி சேர்த்துக்கொள்ளும், பல இடங்களில் புள்ளியையும் தானே வைக்கும். புதிதாகப் படிப்பவருக்கு அதுவே எளிது என்று நினைக்கிறேன். ஆனாலும் முப்பது வருடம் ஒரு வழியில் போன விரலை மறு வழிக்குத் திருப்புவது இலேசல்ல, அதனால்தான் எங்கள் பக்கத்துக் கடைகளில் பாமினி இன்னும் ஓடுகிறது. நயினாதீவுப் படகுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளோ கைபேசியில் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்து, அது தமிழாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.