துறைதோறும் தடையுண்ட தொண்டர்

வேற்று நாடு செல்வோர் இக்காலத்தில் கடவுச்சீட்டும், விசா எனப்படும் நுழைவிசைவும் பெற்ற பின்னரே புறப்படுவர். வணிகத்தின் பொருட்டோ வேலையின் பொருட்டோ செல்பவனுக்கு அவ்விசைவு கிட்டுவதுண்டு. பொருள் ஈட்டும் நோக்கமின்றி உழைக்க விரும்பிச் செல்பவனுக்கோ அது பல வேளைகளில் அரிதாகிறது. ஊதியம் நாடி வருபவன் எதற்கு வருகின்றான் என்பது அரசினர்க்கு எளிதில் விளங்கும். ஒன்றையும் வேண்டாது வருபவனைக் கண்டால் ஐயமே எழும். இவ்வையம் இன்று தோன்றியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், கப்பல் ஒதுங்கிய துறைதோறும் இதனை எதிர்கொண்டவர் அடோனிராம் ஜட்சன் என்னும் அமெரிக்கர். அவருடைய வாழ்க்கை திசை திரும்பிய இடம் நம் சென்னைக் கடற்கரையாகும்.

ஜட்சன் 1788-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து மால்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு திருச்சபைப் போதகர். இளமையிலேயே கூர்த்த மதியினராய் விளங்கிய ஜட்சன், பிரவுன் கல்லூரியில் பயின்று 1807-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சமயக் கல்வி கற்கும்போது, கீழ்நாடு சென்று தொண்டாற்ற வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ஆன் அம்மையாரை மணந்தார். அதே திங்கள் 19-ஆம் நாள் அவ்விருவரும் நியூவெல் இணையரும் சேலம் துறையில் கப்பலேறினர். இது நம் சேலம் அன்று. அமெரிக்க நாட்டில் அப்பெயர் தாங்கிய கடற்கரை ஊர்.

நான்கு திங்கள் கடலில் கழித்து, ஜூன் நடுவில் கல்கத்தாவை அடைந்தனர். அக்காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் உரிமச்சீட்டு இன்றி ஐரோப்பியரோ அமெரிக்கரோ அதன் ஆட்சி நிலத்தில் தங்க இயலாது. வணிகர்க்கு அச்சீட்டு வழங்கிய கும்பினியார், சமயத் தொண்டர்க்கு வழங்கத் தயங்கினர். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததன் பின்னர் இத்தயக்கம் பன்மடங்காயிற்று. குடிமக்களின் சமய உணர்வு புண்பட்டால் ஆட்சியே ஆட்டங்காணும் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றது என்று நாம் தள்ளிவிடுதல் தகாது. வேலூரில் சிந்திய குருதி அத்துணை மிகுதி. ஆயினும் மக்களின் நலத்தைவிடத் தங்கள் வாணிகத்தின் நலமே அவர்கள் கருத்தில் முந்தி நின்றது என்பதனையும் மறத்தற்கில்லை.

இந்நிலையில் அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள் அமெரிக்கா இங்கிலாந்தின்மீது போர் தொடுத்தது. செய்தி பின்னரே எட்டியதெனினும், எட்டிய பின் அமெரிக்கர் என்னும் பெயரே பகைவர் என்று பொருள்படலாயிற்று. உடனே திரும்புக என்று முதலில் ஆணை பிறந்தது. மொரீசியசுத் தீவுக்கேனும் செல்கிறோம் என்று ஜட்சன் குழுவினர் வேண்டினர். நியூவெல் இணையர்க்கு மட்டும் ஒரு கப்பலில் இடம் கிடைத்தது. எஞ்சியோரை இங்கிலாந்துக்கு அனுப்புமாறு வேறோர் ஆணை வந்தது. அவர்கள் இசைவுச்சீட்டு இன்றியே மொரீசியசு செல்லும் கப்பல் ஒன்றில் ஏறினர். ஆற்றில் சிறிது தொலைவு சென்றதுமே அக்கப்பல் நிறுத்தப்பட்டது. அவர்கள் கரையில் இறக்கப்பட்டனர். சில நாள் கழித்து, யார் முயற்சியால் என்று அறியாவகையில், இசைவுச்சீட்டு அவர்கள் கைக்கு வந்தது. கப்பலோ முன்னே போய்விட்டது. படகிலேறி எழுபது மைல் விரைந்து சென்று பார்க்க, கழிமுகத்தில் அக்கப்பல் இன்னும் நங்கூரமிட்டு நின்றது!

1813-ஆம் ஆண்டு சனவரியில் மொரீசியசை அடைந்தபோது துயரச் செய்தியே காத்திருந்தது. நியூவெலின் துணைவியார் ஹாரியட் அம்மையார், கடலில் பிறந்த குழந்தையை இழந்து, தாமும் முந்திய நவம்பரில் உயிர் நீத்திருந்தார். அவருக்கு வயது பத்தொன்பதே. துறைவிட்டுத் துறை துரத்தும் ஆணைகள் ஏட்டில் சில வரிகளே. அவற்றின் விலையைக் கொடுத்தவர்கள் இத்தகையவர்கள்.

பினாங்கு செல்லும் எண்ணத்தோடு ஜட்சன் இணையர் மீண்டும் புறப்பட்டு, ஜூன் 4-ஆம் நாள் சென்னையை அடைந்தனர். இன்று எம்.கே.பி. நகரிலிருந்து கிழக்கே இராயபுரம் வழியாகச் சென்றால், பாரந்தூக்கிகளும் பெருங்கப்பல்களும் நிறைந்த துறைமுகத்தைக் காணலாம். அன்று அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்ட நின்றுவிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே பயணிகளை அலை தாண்டிக் கரை சேர்க்கும். அப்படகோட்டிகளின் திறமை வந்தோரையெல்லாம் வியப்பில் ஆழ்த்தியது என்பர்.

அலையைக் கடந்தவர்கள் ஆணையைக் கடத்தல் எளிதாக இல்லை. அவர்கள் வந்த செய்தி காவல் அலுவலர்க்கு அறிவிக்கப்பட்டு, வங்காளத்து மேலிடத்திற்கும் அனுப்பப்பட்டது. மறுமொழி வருமுன் வெளியேறாவிடில் சிறைப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பப்படுவது உறுதி. பினாங்கு செல்லக் கப்பல் ஒன்றும் இல்லை. கும்பினி ஆட்சிக்கு வெளியே செல்லவிருந்தது ஜார்ஜியானா என்னும் பழங்கப்பல் ஒன்றே. அது பர்மாவின் ரங்கூனுக்குப் போவது. பர்மாவில் தொண்டாற்றுதல் இயலாத செயல் என்று கல்கத்தாவிலேயே பலர் எச்சரித்திருந்தனர். ஆன் அம்மையாரோ கருவுற்றிருந்தார். ஆயினும் வேறு வழியின்மையால் ஜூன் 22-ஆம் நாள் அக்கப்பலில் புறப்பட்டனர். அம்மையார்க்குத் துணையாகச் சென்னையில் அமர்த்திய செவிலி கப்பலேறிய சிறு பொழுதிலேயே இறந்தாள். நடுக்கடலில் பிறந்த குழந்தை உயிரின்றிப் பிறந்தது. ஜூலை 13-ஆம் நாள் ரங்கூனில் இறங்கினர்.

எட்டு நாள் கழித்து, ஜூலை 21-ஆம் நாள், இலண்டனில் கும்பினியின் பட்டயத்தைப் புதுப்பிக்கும் சட்டம் நிறைவேறியது. தொண்டர்கள் இந்தியாவில் இறங்க உரிமம் பெறுதற்கு வழி செய்தது அச்சட்டம். ஓராண்டு கழித்து வந்திருப்பின் ஜட்சன் இந்தியாவிலேயே தங்கியிருக்கக்கூடும். பர்மிய மொழிக்கு அவர் வாய்த்தது சென்னைத் துறையின் தடையினால்தான் எனலாம்.

பர்மாவுக்கும் வடசென்னைக்கும் உள்ள உறவு பின்னாளில் மிகப் பெருகியது. ரங்கூன் சென்று வாழ்ந்த தமிழர் எண்ணிறந்தோர். 1964-க்குப் பின் உடைமை இழந்து மீண்டோருள் பலர் எம்.கே.பி. நகரை அடுத்த வியாசர்பாடியில் குடியேறினர். நிற்க.

ஜட்சன் ரங்கூனில் செய்த முதல் தொண்டு மொழி பயிலுதலே. ஆங்கிலம் அறியாத ஆசிரியரிடம், பொருளைச் சுட்டிக் காட்டிப் பெயரைக் கேட்டறிந்து, நாடோறும் பல நாழிகை பயின்றார். பௌத்த நூல்களை உணரப் பாலி மொழியும் கற்றார். 1819-இல் வழிப்போக்கர் தங்கும் சாவடி போன்றதொரு கொட்டகை அமைத்து, அந்நாட்டு வழக்கப்படி தரையில் அமர்ந்து வருவாரோடு உரையாடினார். வேற்றுமொழியைக் கற்று அகராதி செய்தவர் என்னும் வகையில், சதுரகராதி தந்த வீரமாமுனிவரோடு அவரை வைத்து எண்ணலாம். சமயக் கொள்கையில் அவரோடு உடன்படாதாரும் இவ்வுழைப்பை மதிப்பர்.

1824-இல் ஆங்கிலேயர்க்கும் பர்மிய மன்னர்க்கும் போர் மூண்டது. அப்போது ஜட்சன் தலைநகராகிய ஆவாவில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து அவருக்கு வரும் பணம் ஆங்கில வணிகர் ஒருவர் வாயிலாகக் கைக்குக் கிடைத்தது. அக்கணக்கேட்டைக் கண்ட அரசினர், இவர் ஆங்கிலேயரின் ஒற்றர் என்று முடிவு செய்தனர். அமெரிக்கர் என்று ஆங்கிலேயரால் துரத்தப்பட்டவர், ஆங்கிலேயரின் ஆள் என்று ஜூன் 8-ஆம் நாள் விலங்கிடப்பட்டார். சிறையில் இரவுதோறும் கைதிகளின் கால்களை ஒரு மூங்கிலில் கோத்து மேலே உயர்த்திவிடுவர். தோளும் தலையுமே தரையில் படியும்.

ஆன் அம்மையார் அதிகாரிகளின் வாயில்தோறும் நடந்து மன்றாடினார். சிறைக்கு உணவு கொண்டுபோனார். தம் கணவர் பர்மிய மொழியில் பெயர்த்த விவிலியக் கையெழுத்துப்படியை முதலில் மண்ணில் புதைத்தார். ஈரத்தால் அழியுமென்று அஞ்சிப் பின்னர் ஒரு தலையணையுள் வைத்துத் தைத்து, சிறையிலிருந்த கணவரிடமே கொடுத்தார். கைதிகள் வேறு சிறைக்கு மாற்றப்பட்டபோது அது எறியப்பட்டது. மவுங் இங் என்னும் பர்மிய அன்பர் அதனை ஒரு நினைவுப் பொருளாக எடுத்து வைத்தார். உள்ளே ஏடு இருப்பது அவருக்குத் தெரியாது. அங்ஙனம் பிழைத்தது அந்நூல். அதனிடையே அம்மையார் மரியா என்னும் பெண்மகவை ஈன்று, நோயால் பால் வற்றிப் படுக்கையில் கிடந்தார். காலில் விலங்கோடு ஜட்சன் குழந்தையை ஏந்தி ஊருக்குள் சென்று, பாலூட்டும் தாய்மாரிடம் இரந்தார். அப்பர்மியத் தாய்மார் மறுத்திலர்.

போரின் முடிவில் இருதரப்பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஒற்றர் என்று பூட்டி வைத்தவரையே பர்மிய அரசினர் விடுவித்து அழைத்தனர். 1826 பிப்ரவரி 24-ஆம் நாள் யாண்டபு உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், ஜட்சன் தொலைவில் இருந்தபோது, ஆன் அம்மையார் மறைந்தார். ஆறு திங்களுள் மரியாவும் இறந்தாள்.

அதன்பின் அவர் மோல்மீனில் தங்கி, 1834-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1849-இல் ஆங்கில-பர்மிய அகராதியை நிறைவேற்றினார். பர்மிய-ஆங்கிலப் பகுதி முடியுமுன் நோயுற்றார். கடற்காற்று நலந்தரும் என்று ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றினர். 1850-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் கப்பலிலேயே உயிர் பிரிந்தது. உடல் கடலில் இடப்பட்டது. அச்செய்தி மோல்மீனில் இருந்த மனைவி எமிலி அம்மையாரைச் சென்றடையச் சில திங்கள் ஆயின.