வியாசர் விருந்து பரிமாறியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

இராமன் கதையையும் பாண்டவர் கதையையும் அறியாத தமிழர் உண்டோ? தெருக்கூத்தில் விடிய விடியக் கண்டிருக்கிறோம். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிக்கக் கேட்டிருக்கிறோம். ஆயினும், நூலாகக் கையில் எடுத்து, அகராதியின் துணையின்றி, முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தோம் என்றால், அது பெரும்பாலும் ஒருவர் எழுதிய நூலாகவே இருக்கும். ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்னும் அவ்விரு நூல்களையும் ஆக்கிய மூதறிஞர் இராஜாஜியின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்த அளவில் இங்குச் சொல்ல முற்படுகிறேன். வேதியியல் மாணவனுக்கு இங்கே என்ன வேலை என்று தமிழ்த்துறை ஆசிரியர்கள் கேட்கக்கூடும். அவர் எங்கள் பாடத்தையும் விட்டுவைத்தவர் அல்லர். ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு நூல் எழுதி வேதியியலை எளிய தமிழில் தந்தவர். ஆகவே எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில், 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். அந்தப் பகுதி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. தந்தையார் அவ்வூர் முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900-ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். தொழில் நன்றாக நடந்தது. ஆனால் மனைவி அலமேலு மங்கம்மாள் இளவயதிலேயே காலமானார். ஐந்து குழந்தைகளோடு நின்ற அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். 1919-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்து அவர் வீட்டில் தங்கினார். பிறகு வக்கீல் தொழிலும் போயிற்று, வருமானமும் போயிற்று. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை வந்து சேர்ந்தது.

1925-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். மழை பொய்த்த வறண்ட பூமி அது. அங்கே இராட்டை சுழன்றது, கதர் நெய்யப்பட்டது. தாழ்த்தப்பட்டோரும் மற்றவரும் ஒன்றாக உண்டு உறங்கினர். மதுவை எதிர்த்து 1929-இல் அவர் நடத்திய ‘விமோசனம்’ என்ற பத்திரிகையில் துணையாக இருந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் ‘கல்கி’ என்று தமிழ்நாடே கொண்டாடிய கிருஷ்ணமூர்த்தி. இந்தத் தொடர்பு இல்லையென்றால் வியாசர் விருந்து நமக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ! 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பெடுக்க நடந்த கதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதை விரிக்காமல் மேலே செல்கிறேன்.

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றபோது, அது குற்றமாகாதபடி சட்டத்தின் துணை தந்தது இராஜாஜியின் அரசுதான். அதே அரசுதான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழர்களைத் தெருவுக்கு வரச் செய்தது. நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் நீத்தது இந்தக் காலத்தில்தான். பிற்காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து அவரே உரக்கக் குரல் கொடுத்தார் என்பது வேறு செய்தி. அவர் வாழ்க்கையில் ஒரு பக்கத்தை மட்டும் படித்து நிறுத்தியவர்கள் அவரைப் புகழ்ந்தும் முடிப்பார்கள், இகழ்ந்தும் முடிப்பார்கள்.

1942-ஆம் ஆண்டு அவர் தனிமரமானார். முஸ்லிம் லீகோடு ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும், அதற்காகப் பிரிவினைக் கோரிக்கையையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்றார். காங்கிரஸ் ஏற்கவில்லை. அவர் விலகினார், ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்திலும் சேரவில்லை. நேற்றுவரை மாலையிட்டவர்கள் துரோகி என்றனர். ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பிரிவினையை நாடே ஏற்க நேர்ந்தது. இப்படிக் கட்சியும் பதவியும் இல்லாமல் ஒதுங்கியிருந்த அந்த 1940-களில்தான் கல்கி இதழில் வாரந்தோறும் மகாபாரதக் கதையைச் சொல்லலானார். அதுவே வியாசர் விருந்து.

சக்கரவர்த்தித் திருமகனில் வீடணனும் கும்பகர்ணனும் வரும் இடங்களைப் படிக்கும்போது எனக்கு இந்த 1942-ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். இராவணன் செய்வது தவறு என்று இருவருமே அறிவார்கள், இருவருமே அவையில் சொன்னவர்கள். ஒருவன் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியேறினான். மற்றவன் சொல்லிவிட்டு, அண்ணனுக்காகவே போரில் மடிந்தான். தலைவன் தவறும்போது உடனிருப்பவன் என்ன செய்வது? கல்லூரிப் பேரவை முதல் நாடாளுமன்றம் வரை இக்கேள்வி எழாத இடமில்லை. இராஜாஜி இருவரையும் இழித்துரைக்காமல் கதை சொல்கிறார். தாமே ஒருமுறை வெளியேறி வசை கேட்டவர் அல்லவா!

வியாசர் விருந்தில் எனக்கு மிகவும் பிடித்தது நச்சுப் பொய்கை. நான்கு தம்பியரும் பிணமாய்க் கிடக்கிறார்கள். கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்ன தருமனிடம், ஒருவனை மட்டும் எழுப்புகிறேன், யார் வேண்டும் என்கிறது யட்சன் குரல். வரப்போவதோ போர். வீமனையோ அர்ச்சுனனையோ கேட்பதுதானே புத்திசாலித்தனம்? தருமன் நகுலனைக் கேட்கிறான். குந்திக்கு ஒரு மகன் நான் இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒரு மகன் இருக்கட்டும் என்பது அவன் கணக்கு. மாத்திரி இறந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன; அவளுக்காகப் பேச அங்கு யாரும் இல்லை. பேச ஆளில்லாதவரின் பங்கை மறவாதவனே ஆளத் தகுந்தவன் என்பதை இராஜாஜி விளக்கவுரை போட்டு நீட்டவில்லை. கதையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இன்று தலைமைப் பண்பு குறித்துக் கருத்தரங்கம் வைத்து நாள் முழுதும் பேசுகிறார்கள். இந்த நான்கு பக்கத்தை ஒருவர் உரக்கப் படித்தால் போதும் என்று தோன்றுகிறது.

எங்கள் குடும்பம் சேலம் மாவட்டத்துக் கைத்தறி நெசவாளர் குடும்பம். என் தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு நான் வியாசர் விருந்தை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு சொல்லுக்கும் அவர் பொருள் கேட்டதில்லை. இந்த நூலின் தமிழுக்கு இதைவிட நற்சான்று எனக்குத் தெரியாது. கேள்வியெல்லாம் கதையைப் பற்றித்தான். அரங்கேற்றத்தில் அர்ச்சுனனுக்கு எதிரே கர்ணன் வந்து நிற்கிறான். உன் குலம் எது என்று கிருபர் கேட்கிறார். கர்ணன் தலை கவிழ்கிறது. அந்த இடத்தில் தாத்தா வாசிப்பை நிறுத்தச் சொல்லி, வில் வளைப்பதற்குக் குலம் எதற்கு என்று என்னையே கிருபராக வைத்துக் கேட்டார். துரியோதனன் எழுந்து அங்க நாட்டை அளித்ததும் அவர் முகம் மலர்ந்தது. கெட்டவன் என்று பேரெடுத்தவன் அந்த ஒரு நாள் செய்ததை, நல்லவர் என்று பேரெடுத்த எவரும் அன்று செய்யவில்லையே!

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். கர்ணனின் அவமானத்தை இவ்வளவு உருக்கமாகச் சொன்னவர், வங்காள ஆளுநராகி, 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்து, 1952-இல் மீண்டும் சென்னை மாநில முதலமைச்சரானார். மறு ஆண்டு ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு மூன்று மணி நேரம். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். பணம் போதாது, பள்ளிக்கு வராத பிள்ளைகளோ ஏராளம்; ஒரே கட்டடத்தில், அதே ஆசிரியர்களைக் கொண்டு இரண்டு முறை வைத்தால் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் பக்கத்து நியாயம். கைத்தொழிலின் மேல் அவருக்கு இருந்த மதிப்பும் பொய்யன்று. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடியவர் அவர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அதை மறக்கலாகாது. ஆனால் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அத்திட்டத்துக்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் அத்திட்டத்தால் படிப்பிழந்தவர் எவரும் இல்லை. அது வருமுன்பே தாத்தா வறுமையால் தறிக்குழியில் இறங்கிவிட்டார். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த வரலாற்றை மற்றவரைப்போல ஒதுங்கி நின்று என்னால் படிக்க முடியவில்லை. ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடிக்கும் கை, அரை நாள் பள்ளியும் அரை நாள் தார் சுற்றலுமாக வளர்ந்திருந்தால் எங்கே இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வியாசர் விருந்திலேயே கௌசிகன் கதை இருக்கிறது. தவத்தின் செருக்கால் ஒரு கொக்கை எரித்த அந்தணன், ஓர் இல்லத்தரசி சொல்லியனுப்ப, மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் தர்மவியாதனிடம் சென்று அறம் கேட்டுத் திரும்புகிறான். எந்தத் தொழிலும் இழிவல்ல, செய்பவன் நெஞ்சே முக்கியம் என்று காட்டும் அருமையான கதை அது. எனினும் கதை ஒன்றைக் கேட்கவில்லை. வியாதனின் மகனுக்கு இறைச்சி வெட்டப் பிடிக்கவில்லை என்றால்? அவன் வானநூல் கற்க ஆசைப்பட்டிருந்தால் மிதிலையில் அவனுக்குப் பள்ளி உண்டா? தகப்பனின் கடையை மதிப்பது வேறு, மகனை அக்கடையிலேயே உட்கார்த்துவது வேறு. கதையை அத்தனை தெளிவாகச் சொன்னவருக்கு ஆட்சியில் இவ்வேறுபாடு தென்படவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆசிரியர்கள் சிலர் என்னோடு உடன்படமாட்டார்கள். அதை வகுப்பிலேயே வாதாடிக்கொள்ளலாம்.

1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. எழுபத்தைந்து வயது. மற்றவராயின் மனம் கசந்து மூலையில் அமர்ந்திருப்பர். அவரோ அதே ஆண்டில் பேனாவை எடுத்து, கல்கி இதழில் இராமாயணம் தொடங்கினார்! 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற சக்கரவர்த்தித் திருமகன் அதுதான். வான்மீகியைச் சொல்லிக்கொண்டே போவார். இடையிடையே கம்பர் அதை எப்படி மாற்றினார் என்று நிறுத்திக் காட்டுவார். பட்டாபிஷேகத்தோடு நூலை முடித்துவிட்டார். கருவுற்ற சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பெண்கள் படும் துயரத்தை எண்ணி வருந்தி, அந்தக் காரணத்தையும் முடிவுரையில் மறைக்காமல் எழுதினார். பக்தி உடையவர் இராமனைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைப்போர் அந்தப் பக்கங்களைப் படிக்கவேண்டும். தாம் செய்த பணிகளில் நாட்டை ஆண்டதைவிட இக்கதைகளை எழுதியதே மேலானது என்று அவர் கருதினார்.

எஞ்சிய ஆண்டுகளும் ஓய்வில் கழியவில்லை. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962-இல் எண்பத்து மூன்று வயதில் வாஷிங்டனுக்குச் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு கென்னடியிடம் நேரில் வேண்டினார். உத்தரையின் கருவை நோக்கி அசுவத்தாமன் ஏவிய அஸ்திரத்தை எழுதிய கை அது. 1967-இல் தாம் வளர்த்த காங்கிரசை வீழ்த்த தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தார். அவர்களே 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்குச் சென்று வேண்டாம் என்று மன்றாடினார். பயன் இல்லை.

1972 டிசம்பர் 25-ஆம் நாள் சென்னையில் இராஜாஜி மறைந்தார். இராமாயணத்தை வாழ்நாளெல்லாம் கடுமையாகக் கண்டித்தவரும், குலக்கல்வித் திட்டத்தை முன்னின்று எதிர்த்தவருமான பெரியார், தம் நெடுநாள் நண்பருக்காகச் சக்கர நாற்காலியில் இடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். அப்போது பெரியாருக்கு வயது தொண்ணூற்று மூன்று. மறு ஆண்டு அதே டிசம்பரில், 24-ஆம் நாள், அவரும் மறைந்தார்.