அயலகம் தந்த அருட்கொடை

மெக்சிக்கோவிலிருந்து கப்பலில் வந்த கறுப்பு நாசரேயனின் திருவுருவம் பிலிப்பைன்ஸ் மக்களின் சொந்த மரபாகிவிட்டது. நமக்கும் கடல் கடந்து வந்த அத்தகைய கொடை ஒன்றுண்டு.

1676இல் கோவாவில் பிறந்த கொங்கணியர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல், புனித யோசேப்பு வாஸ் அடிகளாருக்குத் துணையாக இலங்கை வந்தார். தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் யாத்தார். நம் முன்னோர் போற்றிய சாங்கோபாங்க சுவாமிகள் அவரே. குருக்கள் அரிதாகவே வந்த ஊர்களில் அவருடைய நூல்கள் விசுவாசத்தைக் காத்தன. 1742இல் போலவத்தையில் இறைபதம் அடைந்தார்.

தவக்காலத்தில் நம்மைக் கண்ணீர் உகுக்கச் செய்யும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே. நெல்லியடியில் இருப்பினும், புலம்பெயர்ந்து வாழினும், அதை உங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அயலார் ஒருவர் தமிழ் கற்று நமக்கென யாத்ததை, தமிழராகிய நாமே கைவிடலாமா?