யாழாசிரியன் இல்லாத மாணவன்: நாற்பதை நெருங்கி இசைக்குள் வந்த விபுலாநந்தர்

வடக்கோ கிழக்கோ மலையகமோ, தமிழ்ப் பாடசாலையில் படித்த எவருக்கும் அந்தப் படம் தெரியும். காவியுடை, மழித்த தலை, அமைதியான முகம். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு விபுலாநந்த அடிகளைப் பாடமாக்கியவர்கள் நம்மில் ஏராளம். காரைதீவில் பிறந்தார், துறவியானார், பேராசிரியரானார், ‘யாழ் நூல்’ எழுதினார், மறைந்தார். மூன்று நிமிடத்தில் மணி அடித்துவிடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒருபோதும் வராத ஒரு விடயம் இருக்கிறது. இந்த மனிதர் இசைக் குடும்பத்திலிருந்து வந்தவர் அல்லர். விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்தவர். தமிழிசையின் உள்ளே அவர் முழுதாக இறங்கியபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அவர் தேர்ந்தெடுத்த வாத்தியத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட அப்போது உலகில் இருக்கவில்லை.

1892 மார்ச்சில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்தவர் மயில்வாகனன். அதே 1892இல் தமிழ்நாட்டில் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பதிப்பு இல்லையென்றால் பின்னாளில் ‘யாழ் நூல்’ இல்லை. பிள்ளையும் புத்தகமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படித்து, பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தி பெற்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி, பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. இலங்கையிலிருந்து அதில் தேறிய முதலாமவர் அவரே. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம், அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். நல்ல சம்பளமும் மதிப்பும் உள்ள அந்த வாழ்க்கையை விட்டு 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவுப் பெயர் விபுலாநந்தர். ஊருக்குத் திரும்பி மிஷன் பாடசாலைகளைக் கவனித்தார்; 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவையெல்லாம் பேச்சுப் போட்டியில் வரும் பகுதிகள்.

1931இல் சிதம்பரத்தில் புதிதாக எழுந்திருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இரண்டு ஆண்டுகள்தான் அங்கே இருந்தார். ஆனால் அந்த வளாகத்தில் ஓர் இசைக் கல்லூரியும் இருந்தது. சிலப்பதிகாரம் படிப்பிக்க வேண்டியவருக்கு, பாடத் தெரிந்தவர்களும் வாசிக்கத் தெரிந்தவர்களும் நடக்கும் தூரத்தில் கிடைத்தார்கள். சிலப்பதிகாரத்தைக் கதையாகப் படிப்பித்துவிடலாம். அரங்கேற்று காதையை அப்படிப் படிப்பிக்க முடியாது. மாதவி ஆடுவதற்கு முன் அவளது ஆடலாசிரியன், இசையாசிரியன், மத்தளம் அடிப்பவன், குழலூதுபவன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் இளங்கோ சொல்கிறார். யாழாசிரியனுக்கு இருபத்தைந்து அடிகள். எந்த நரம்பை எதோடு சேர்க்க வேண்டும், எங்கே தொடங்கினால் எந்தப் பாலை பிறக்கும் என்பதெல்லாம் அந்த அடிகளுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பெரும்பாலான தமிழாசிரியர்கள் அந்த இடத்தில் உரையை வாசித்துக் கடந்துபோவார்கள். விபுலாநந்தர் நின்றுவிட்டார். பின்னர் வந்த ‘யாழ் நூல்’ முழுவதுமே அந்த இருபத்தைந்து அடிகளுக்கான விளக்கம் என்ற வடிவில்தான் அமைந்திருக்கிறது.

அவர் முன்னால் இருந்த சிக்கலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயலின் பழக விரும்பும் நாற்பது வயதுக்காரருக்கு விரல் வளையாது, வெட்கம் பிடுங்கும், ஆனால் ஆசிரியர் கிடைப்பார். யாழுக்கு அது இல்லை. வீணை வளர யாழ் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வாசிப்பவர் இல்லை, செய்பவர் இல்லை, ஒரு பழைய யாழ்கூட மிஞ்சவில்லை. அமராவதி போன்ற இடங்களின் சிற்பங்களில் வில் வடிவில் ஓர் உருவம் இருக்கிறது. உரைகளில் பெயர்களும் எண்ணிக்கைகளும் இருக்கின்றன: பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 17, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. அடியார்க்குநல்லார் பயன்படுத்திய இசை நூல்களில் பல நமக்குக் கிடைக்கவே இல்லை. ‘பஞ்சமரபு’ என்ற முக்கியமான நூல் 1970களில்தான் அச்சுக்கு வந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் கையில் இருந்தது இரண்டு படிப்புகள். ஒன்று பண்டிதப் படிப்பு. மற்றது பௌதிகம். பெரிய வித்துவான்களின் கண்ணில் அவர் இசைக்குப் புதியவராகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நரம்பை இழுத்துக் கட்டி, அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்க விட்டால் ஐந்தாம் சுரம், அதாவது குரலுக்கு இளி, பிறக்கும் என்பதை அவர் கணக்காகப் பார்க்க முடிந்தது. அந்த ஐந்தாம் சுரத்திலிருந்து இன்னொரு ஐந்தாம் சுரம், அங்கிருந்து இன்னொன்று என்று போனால் பன்னிரண்டு இடங்கள் கிடைக்கின்றன. சிலப்பதிகார உரை இந்தப் பன்னிரண்டையும் இராசிச் சக்கரத்தின் வீடுகளில் வைத்துச் சொல்கிறது. சாத்திரி வீட்டுக் கட்டம் என்று பிறர் தாண்டிப்போன இடத்தில் அவர் ஓர் இசைக் கருவியின் சுருதி அட்டவணையைக் கண்டார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். மாத்தளையில், திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், மாடி அறை ஒன்றில் பியானோ வகுப்பு நடக்கிறது. போன வருடம் முதல் போகிறேன். என் பெற்றோர் மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போனவர்கள். நான் பிறந்தது கிளிநொச்சியில். பத்து வயதில் பிள்ளைகள் பழகுகிறவற்றை நாங்கள் பழகவில்லை. வேறு சிலவற்றைப் பழகினோம், அவை எவையென்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு குடும்பம் மறுபடி மாத்தளைக்கு வந்தது. எங்கள் வகுப்பில் முப்பது கடந்தவர்கள் மூவர். ஒருவர் முல்லைத்தீவிலிருந்து இங்கே திருமணம் முடித்து வந்தவர். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு கிழமையில் பிடிக்கும் பாடத்துக்கு எங்களுக்கு இரண்டு மாதம் வேண்டும். இடது கை வலது கையின் பேச்சைக் கேட்பதில்லை. டீச்சர் பொறுமையானவர். பியானோவில் இரண்டு கட்டைகள் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கட்டைகளில்தான் ‘யாழ் நூலின்’ பாலைத்திரிபியல் எனக்குப் புரிந்தது. யாழும் பியானோவும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள். வீணையில் ஒரே தந்தியை மெட்டுக்கு மெட்டு அழுத்திப் பல சுரங்களை எடுக்கிறோம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பியானோவிலும் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால், இரும்புச் சட்டத்தில் படுத்திருப்பது ஒரு பெரிய யாழ் என்றே சொல்லத் தோன்றும்.

வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கட்டைச் சுருதி என்று நம் பாடகர்கள் சொல்லும் இடத்தைக் குரலாக, அதாவது ஸவாக வைத்து மேலே ஏழு வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் அரிகாம்போதி. இன்று ஆய்வாளர் பலரும் செம்பாலை என்று கொள்வது இதைத்தான். அடுத்த வெள்ளைக் கட்டையில் தொடங்கினால் நடபைரவி, படுமலைப்பாலை. அதற்கடுத்தது செவ்வழிப்பாலை, அங்கே சுத்தமான பஞ்சமம் விழாது, காது ஒரு கணம் தடுமாறும். அதற்கடுத்து சங்கராபரணம், அரும்பாலை. பிறகு கரகரப்பிரியா, கோடிப்பாலை. பிறகு தோடி, விளரிப்பாலை. ஏழாவதாகக் கல்யாணி, மேற்செம்பாலை. ஒரு கட்டையைக்கூட மாற்றவில்லை. தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினோம். இளங்கோ சொல்லும் வரிசையும் இதுதான்.

கீபோர்ட் வைத்திருப்பவர்கள் இன்று இரவே இதை வாசித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. அவருக்கோ இந்த வரிசையை உரைகளின் சிடுக்கிலிருந்து அவிழ்த்து, கணக்கால் சரிபார்த்து, கருவியாகச் செய்து பார்க்கப் பதினான்கு ஆண்டுகள் அளவில் ஆயின.

அவர் தனியாளாக இந்தப் பாதையில் நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தஞ்சாவூரில் சித்த வைத்தியராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இலேயே ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டிருந்தார். அவரும் விபுலாநந்தரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. சுருதி 24 என்றார் பண்டிதர். 22 அலகு என்ற கணக்கில் நின்றார் அடிகள். செம்பாலை சங்கராபரணமா அரிகாம்போதியா என்பதிலும் வேறுபாடு. வைத்தியர் ஒருவரும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் தமிழிசையின் அடிப்படையைப் பற்றி இப்படி முரண்பட்டு நின்றார்கள் என்பதே எனக்குப் பிடித்த விடயம்.

‘யாழ் நூல்’ இலகுவான புத்தகம் அல்ல. பாதிப் பக்கங்கள் செய்யுள் நடைக்குக் கிட்டிய தமிழ், மீதியில் பின்னங்களும் அட்டவணைகளும். இசை தெரிந்தவருக்குக் கணக்கு இடிக்கும், கணக்குத் தெரிந்தவருக்குத் தமிழ் இடிக்கும். அதனால்தான் மேடையில் அதைப் புகழ்பவர்கள் அதிகமாகவும் உள்ளே போனவர்கள் குறைவாகவும் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவரைத் தெய்வமாக்கிப் படத்துக்கு மாலை போடுவது, அந்த நூலின் மூன்றாம் இயலைத் திறப்பதைவிட எளிது.

அண்ணாமலையிலிருந்து 1933இல் விலகியபின் அவர் வாழ்க்கை ஒரே இடத்தில் அமர்ந்து ஆராயும் வாழ்க்கையாக இருக்கவில்லை. ஈழத்தில் பாடசாலைப் பொறுப்புகள் காத்திருந்தன. 1939 முதல் 1941 வரை இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில மாத இதழின் ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். யாழ் வேலை இவற்றுக்கு இடையிடையே நடந்தது. உடலும் ஒத்துழைக்கவில்லை, கடைசி ஆண்டுகளில் நோய் அவரைப் பல தடவை படுக்கையில் போட்டது.

அவருக்குக் கிடைத்த துணைகளில் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் தமிழறிஞர் க. வெள்ளைவாரணன். மற்றவர் தஞ்சை நால்வர் மரபில் வந்த வீணைக் கலைஞர் க.பொ. சிவானந்தம் பிள்ளை. அந்த இரண்டாவது பெயர் முக்கியமானது. அடிகள் தம்மை யாழ் வித்துவான் என்று காட்டிக்கொள்ளவில்லை. கணக்கு அவருடையது, சிறு வயதிலிருந்து நரம்பில் பழகிய விரல் இன்னொருவருடையது. நாற்பதில் தொடங்குபவருக்கு இருபது வயது விரல்கள் வரப்போவதில்லை என்பதை அவர் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. விரல் உள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். நூலின் கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்களும் அங்கே கொண்டுவரப்பட்டன. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டினார். பல நூற்றாண்டுகளாக எழுத்தில் மட்டும் இருந்த ஒரு சுரவரிசையைக் கூடியிருந்தவர்கள் காதால் கேட்டார்கள். அடிகளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது.

ஆறு கிழமைகள் கழித்து, 1947 ஜூலை 19இல், கொழும்பில் அவர் உயிர் பிரிந்தது. உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து, அவரே நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்தார்கள்.

அவர் மீட்டெடுத்த யாழ் மேடைக்கு நிரந்தரமாக வரவில்லை. சங்கங்களின் இலச்சினையாகவும் விழா மலர்களின் அட்டைப்படமாகவும் நின்றுவிட்டது. அண்மைய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இளைஞர் சிலர் மறுபடி யாழ் செய்து வாசிக்கிறார்கள், இணையத்தில் கேட்கலாம். மட்டக்களப்பில் 1982இல் அவர் பெயரால் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, அடுத்த ஆண்டே வந்த கலவரத்தையும் அதன் பின்னான போர்க்காலம் முழுவதையும் கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள அந்தக் கல்லடியில் கடந்து, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக இயங்குகிறது. அவரது சமாதியும் அதே கல்லடியில்தான் இருக்கிறது.